வயிற்றில் நீர் கோத்தவருக்கு முதல் 24 மணி நேரம்

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்து, கால் வீங்கி, வயிறும் உப்பிவிட்டது என்று வையுங்கள். செம்மேட்டில் காட்டிவிட்டு, சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நாமக்கல்லோ சேலமோ கொண்டுபோகிறார்கள். அங்கே சும்மா படுக்கவைத்து ட்ரிப்ஸ் மட்டும் ஏற்றினால் இவ்வளவு பாடும் வீண்.

ஊசியில் நீர் எடுத்தாயிற்றா?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) முற்றி வயிற்றில் நீர் சேர்ந்தவரிடம், அட்மிஷன் ஆன கையோடு கொஞ்சம் நீரை ஊசியால் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அந்த நீரில் கிருமி சேர்ந்திருந்தாலும் சிலருக்குக் காய்ச்சலும் இருக்காது, வலியும் இருக்காது. ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-க்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். சிறுநீரகத்தைக் காக்க ஆல்புமின் என்ற புரதத்தையும் ஏற்றுவார்கள். இதுவரைக்கும் டியூட்டி டாக்டரே செய்யலாம்.

மூச்சு முட்டுகிறது என்று 5 லிட்டருக்கு மேல் வடித்தால், லிட்டருக்கு 8 கிராம் வீதம் ஆல்புமின் தர வேண்டும். விலை கூடுதல்தான். அதை மிச்சம்பிடித்தால் சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும்.

'தெம்புக்கு ஒரு பாட்டில் போடுங்க டாக்டர்' என்று நாமாகக் கேட்கவே கூடாது. அரை லிட்டர் சலைனில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. இந்த நோயாளிக்கு நாள் முழுவதற்குமே 5 கிராம்தான் கணக்கு.

கல்லீரல் டாக்டர் எதற்கு?

ரத்த வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ வந்தால், நிலைப்படுத்தி 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்க்கு வளையம் போட வேண்டும். பகலெல்லாம் தூங்கி, இரவில் விழித்து, பேச்சு குழறினால் 'குடி இன்னும் இறங்கலை' என்று விட்டுவிடுகிறார்கள். மூளை குழம்பியதன் அடையாளம் அது. மலச்சிக்கல், தூக்க மாத்திரை, தொற்று எதுவும் அதைக் கிளப்பிவிடலாம். லாக்டுலோஸ் சிரப்பை நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக வெளியே போகும் அளவுக்குத் தருவார்கள்.

பிரிட்டனில் மதுவால் கல்லீரல் கெட்டு இறந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளை ஆராய்ந்து 2013-ல் ஓர் அறிக்கை வந்தது. நல்ல சிகிச்சை கிடைத்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அடுத்த ஆண்டே அங்குள்ள கல்லீரல் மருத்துவர்கள் முதல் 24 மணி நேரத்துக்கான செக்லிஸ்ட் ஒன்றைத் தயாரித்தார்கள். அந்த நேரத்துக்குள் நிபுணர் பார்ப்பது நல்லது என்பதும் அதன் நோக்கம். நம் ஊரில் நிபுணர் நேரில் வராவிட்டாலும், ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு போனில் கேட்கலாமே! நீர் மாத்திரையை ஏற்றுவதா நிறுத்துவதா, யாருக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவை என்பதெல்லாம் அனுபவப்பட்டவர் முடிவு செய்ய வேண்டியவை.

வீட்டுக்குப் போகும்போது

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது. பாராசிட்டமாலும் டாக்டர் சொன்ன அளவுதான். பெரும்பாலும் நாளுக்கு 2 கிராமைத் தாண்ட விடமாட்டார்கள். முட்டை, பருப்பை நிறுத்த வேண்டாம். படுக்கும் முன் கேழ்வரகுக் கஞ்சியாவது குடிக்கட்டும். சாராயம் ஒரு சொட்டும் ஆகாது.

மாற்று அறுவை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. நோயாளி நடமாடும்போதே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த எண்டோஸ்கோபி தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.