தையல் யந்திரம் வாங்குமுன் அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

பயிர்த்தொழிலை நம்பியுள்ள குடும்பங்களுக்கு வருஷம் முழுவதும் வேலை கிடைப்பதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே கை ஓய்ந்திருக்கும் மாதங்களில் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில்களுள் தையல் சிறந்ததாகும். அதற்கு நிலம் வேண்டுவதில்லை. மழையை எதிர்பார்க்க வேண்டுவதுமில்லை. யந்திரப் பெருக்கத்தை ஒப்பாத காந்தியடிகளும் 1924ஆம் வருஷத்தில் தையல் யந்திரத்தை விலக்காகக் கொண்டு, பயனுள்ள கண்டுபிடிப்புகள் சிலவற்றில் அதுவும் ஒன்றென மதித்தார். ஆயினும், சங்கக் கடனில் வாங்கிய யந்திரம் திண்ணையில் துணி போர்த்திக் கிடக்க, தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும் வீடுகளும் உண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் தொழிலின் குற்றமன்று. வேலையை எண்ணாமல் யந்திரத்தை எண்ணியதேயாகும்.

வேலை எது?

கடைக்குச் செல்லுமுன் அங்கத்தினர் தம் ஊரில் எவ்வகைத் துணி, எவ்வளவு தைக்க வரும் என்பதைக் கணக்கிட வேண்டும். ரவிக்கை, பாவாடை, குழந்தைகளின் சட்டை, கிழிந்தவற்றைத் தைத்தல் ஆகியவையே வேலையெனின், நேர்தையல் போடும் சாதாரணக் கால் யந்திரம் போதுமானது. அதன் உடல் வார்ப்பிரும்பினாலானது. ஆதலால் ஓடும்போது அதிகம் ஆடாது. மின்சாரம் நின்றாலும் வேலை நில்லாது. சக்கரத்தினருகே மோட்டார் பொருத்த இடமுள்ள யந்திரமாகப் பார்த்து வாங்கினால், வேலை பெருகிய பின் மோட்டாரைச் சேர்த்துக் கொள்ளலாம்.

எடை குறைந்த வெள்ளை நிற மின்சார யந்திரங்கள் வளைதையல், காஜா, பூவேலை முதலியவற்றையும் செய்யும். அலங்கார வேலைக்கு ஊரில் கிராக்கியிருந்தால் இவை நன்மை தரும். ஆனால் கனத்த துணியை நாள் முழுவதும் தைக்க இவை ஏற்றவையல்ல. ஆலைகளில் உள்ள யந்திரம் நிமிஷத்திற்கு 4,000 முதல் 5,000 தையல் வரை போடவல்லது. ஒரேவகை உடுப்பை நூற்றுக்கணக்கில் தைப்போர்க்கே அது கட்டும். திருப்பூர் பின்னலாடை வேலையை எதிர்பார்ப்போர்க்கு ஓவர்லாக், பிளாட்லாக் யந்திரங்களில் பழக்கம் வேண்டும். வீட்டு யந்திரம் அதற்கு ஈடாகாது.

கடனுக்கு ஈடான வேலை உண்டா?

தவணை முறையில் யந்திரம் விற்பது புதிய வழக்கமன்று. 1851ஆம் வருஷத்தில் தையல் யந்திரத்திற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஐசக் ஸிங்கரின் கம்பெனி, 1856ஆம் வருஷத்திலேயே தவணை விற்பனையைத் தொடங்கிற்று. தவணை சிறிதாயிருப்பதால் விலையும் சிறிதென்று எண்ணுவது தவறு. தவணைகள் யாவற்றையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

உதாரணமாக, ஓர் அங்கத்தினர் ரூ. 12,000 கடனை 100க்கு மாதம் ரூ. 1 வட்டியில் 24 மாதங்களில் தீர்ப்பதாகக் கொள்வோம். மாதந்தோறும் அசலில் ரூ. 500 செலுத்தி, நிற்கும் பாக்கிக்கே வட்டி கணக்கிட்டால், முதல் மாதம் ரூ. 620 கட்ட வேண்டும். வட்டி மொத்தம் ரூ. 1,500 ஆகும். ஒரு ரவிக்கைக்கு நூல், ஊசிச் செலவு போக ரூ. 80 மிஞ்சுமாயின், 8 ரவிக்கைகள் தைத்தால் முதல் தவணை தீரும். ரூ. 24,000 விலையுள்ள யந்திரமாயின் முதல் தவணை ரூ. 1,240, அதற்கு 16 ரவிக்கைகள் தைக்க வேண்டும். ஊரில் அத்தனை வருமா என்பதே கேள்வி. தீபாவளி, பொங்கல், பள்ளி திறக்கும் ஜூன் மாதம் ஆகியவற்றில் துணி குவியும். மற்ற மாதங்களில் குறையும். ஆகவே மலிந்த மாதத்தைக் கொண்டு கணக்கிடாமல், மெலிந்த மாதத்தைக் கொண்டு கணக்கிடுவதே விவேகம்.

கடையில் சோதிக்கும் முறை

விற்பவர் காட்டும் துணியில் தைத்துப் பார்ப்பது போதாது. மெல்லிய மல் துணியும் கனத்த காற்சட்டைத் துணியும் வீட்டிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். முதலில் நூல் கோக்காமல், துணியை அழுத்தும் காலைத் தூக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்கும் தடையோ உராயும் ஓசையோ இருத்தல் கூடாது. அடுத்து, ஒரு காகிதத்தில் நேர்கோடு வரைந்து நூலில்லாமல் தைத்தால், ஊசித் துளைகள் சம இடைவெளியில் கோட்டின் மேலேயே விழ வேண்டும்.

பின்னர் 70 நம்பர் ஊசியில் மல் துணி இரண்டு மடிப்பும், 100 நம்பர் ஊசியில் கனத்த துணி நான்கு மடிப்பும் தைத்துப் பார்க்க வேண்டும். மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே பின்னிக் கொள்வதே நல்ல தையல். துணியின் அடியில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்துள்ளது. பாபின் நூல் மேலே இழுபட்டால் மேல்நூல் மிக இறுகியுள்ளது. திருகைச் சற்றே திருப்பியும் இக்குறை நீங்காவிடின் அந்த யந்திரத்தை விட்டுவிடலாம்.

பழைய யந்திரம் வாங்குவோர், ஊசிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். அது ஆடினால் உள்ளே தேய்மானம் உண்டு. பாபின் கூட்டிலும் ஊசித் தகட்டின் துளையிலும் கீறல் இருந்தால் நூல் அடிக்கடி அறும்.

பழுது பார்ப்பவர் எங்கே?

யந்திரத்தின் பெயரைக் காட்டிலும், அதைப் பழுது பார்ப்பவர் இருக்குமிடமே முக்கியம். பாபின், பாபின் கூடு, ஷட்டில், பெல்ட் ஆகியவை சந்தைக்குச் செல்லும் ஊரிலேயே கிடைக்க வேண்டும். ஒரு பாபின் கூட்டுக்காகத் தொலைவிலுள்ள நகரத்திற்குப் போய்வரும் பஸ் சத்தமும் கெட்டுப்போகும் கூலியும், மலிவாக வாங்கிய லாபத்தை விழுங்கிவிடும். எண்ணெய்த் துளைகளில் தையல் யந்திர எண்ணெயையே துளித்துளியாக விட வேண்டும். தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் நாளடைவில் பிசினாகி யந்திரத்தைப் பிடித்துக் கொள்ளும்.

சங்கம் செய்யக் கூடியது

தமிழ்நாட்டில் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளி மாணவர்களுக்கான விலையில்லாச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கின்றன. இத்தகைய வேலையில் சேர விரும்பும் அங்கத்தினர் யாவரும் ஒரே வகை யந்திரத்தை வாங்குவது சிலாக்கியம். ஒருவர் வீட்டுப் பாபின் மற்றவர் யந்திரத்திற்கும் பொருந்தும். ஒருவர் கற்ற பழுதுபார்ப்பு எல்லாருக்கும் உதவும். பலர் சேர்ந்து வாங்கும்போது விலை பேசவும் கூடும்.

கடன் மனுவைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினர், மனுதாரருக்கு நிலம் உண்டா, ஜாமீன் உண்டா என்று கேட்பதோடு நிற்கலாகாது. தையல் தெரியுமா, மாதம் எத்தனை உடுப்பு வரும், பழுது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். இவற்றிற்கு விடை கூற இயலாதவரைத் திருப்பியனுப்புவது அவருக்குச் செய்யும் தீமையன்று. சில மாதம் தையல் பயின்று, ஊரில் துணி சேரும் வகையறிந்து மீண்டும் வரும்போது, அவர் கேட்கும் கடன் சிறிதாகவும் அவர் வாங்கும் யந்திரம் ஓடுவதாகவும் இருக்கும்.