பூஜ்யத்தைத் தேடும் சென்சார்

அளவைகளின் கதை – 17

சென்ற வாரம் ஷண்ட்டைப் பார்த்தோம். மின்சாரம் போகும் வழியில் சிறு தடை ஒன்றைச் செருகி, அதன் இரு முனைகளுக்கு இடையே எழும் வோல்டேஜை அளக்கும் முறை அது. துல்லியமானதுதான். ஆனால் கம்பியை வெட்டித்தான் பொருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடினால் ஷண்ட்டே சூடேறிவிடும்.

கம்பியைத் தொடாமல் அளக்கவும் வழி உண்டு. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாவதை 1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் வெளியிட்டார். 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி அதைக் காந்தப்புலத்தில் வைத்தார். தகட்டின் பக்கவாட்டில் மிகச் சிறிய வோல்டேஜ் எழுந்தது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. இன்று மின்சார ஸ்கூட்டர், சோலார் இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் என எங்கும் இருக்கும் ஹால் சென்சார், தங்கத்துக்குப் பதில் சிலிக்கான் போன்ற குறைகடத்தியில் அதே வேலையைச் செய்கிறது.

இந்தச் சென்சார் எங்கே தவறுகிறது? முதல் இடைஞ்சல் பூமி. 1 ஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி எழும் புலம் 20 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. வெறும் சென்சாரைக் கம்பி அருகே வைத்தால் 2 ஆம்பியர் எது, பூமி எது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் கம்பியைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு, வளையத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டு, அதற்குள் சென்சாரை வைக்கிறார்கள். கம்பியின் புலம் வளையத்தில் திரளும். வெளிப்புலம் பெரும்பாலும் விலகிப் போகும்.

இரும்பு வந்ததும் அடுத்த சிக்கல் வருகிறது. பெரிய மின்னோட்டம் ஒன்று போய் நின்ற பிறகும் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். கம்பியில் எதுவும் ஓடாதபோதும் மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். இதோடு வெப்பம் ஏறினால் ஹால் சென்சாரின் உணர்திறன் மாறும். சிப்பில் விழும் அழுத்தம்கூட அதன் பூஜ்யத்தை நகர்த்தும்.

பூஜ்யம் கொஞ்சம் நகர்ந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. மின்சார வண்டி ஒன்றின் 60 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியை எடுத்துக்கொள்வோம். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் மீதி எவ்வளவு என்று வண்டி சொல்கிறது. சென்சார் கால் ஆம்பியர் தவறாகக் காட்டி, கணக்கு ஒரு நாள் முழுக்க ஓடினால், பிழை 6 ஆம்பியர்-மணி. பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு நொடியும் ஒரே பக்கம் சாயும் சிறு பிழை, எப்போதாவது வரும் பெரிய பிழையைவிட ஆபத்தானது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று சிப்புக்குள்ளேயே நடக்கிறது. ஹால் தகட்டில் மின்சாரம் பாயும் திசையை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றுகிறார்கள். திசை மாறும்போது உண்மையான சமிக்ஞை ஒரு விதமாகவும் பிழை வேறு விதமாகவும் மாறும். இரண்டையும் பிரித்துப் பிழையைக் கழித்துவிடலாம்.

ஆனால் என் மனதைக் கவர்ந்தது இன்னொரு வழி. சென்சாரிடம் ‘எவ்வளவு?’ என்று கேட்பதையே நிறுத்திவிடும் வழி. இரும்பு வளையத்தின் மேல் 1,000 சுற்றுக் கம்பி சுற்றி, அளக்க வேண்டிய கம்பி உண்டாக்கும் புலத்துக்கு எதிர்ப்புலம் எழும்படி அதில் மின்சாரம் செலுத்துகிறார்கள். வளையத்தில் புலம் பூஜ்யமாகும்வரை ஒரு மின்சுற்று அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். 100 ஆம்பியருக்கு ஈடாக 100 மில்லிஆம்பியர் போதும். அந்தச் சிறு மின்னோட்டத்தை, சென்ற வாரம் பார்த்த முறையிலேயே, நல்ல ரெசிஸ்டர் ஒன்றில் அளந்துவிடலாம். தராசை நினைத்துக்கொள்ளுங்கள்: சுருள்வில் தராசின் வில் தளர்ந்தால் எடை பிசகும். தட்டுத் தராசிலோ முள் நடுவில் நின்றால் போதும். சென்சார் இங்கே அந்த முள்ளின் வேலையை மட்டும் பார்க்கிறது. அதன் உணர்திறன் வெயிலில் குறைந்தாலும் விடை அநேகமாக மாறாது. இரும்பும் பெரிதாகக் காந்தம் ஏறாமல் தப்புகிறது. துல்லியம் சுற்றுகளின் எண்ணிக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1,000 சுற்று எத்தனை வருடமானாலும் 1,000 சுற்றுதான்.

பூஜ்யத்தைத் தேடும் இந்த முறையின் உச்சத்தை ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் காணலாம். அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை வளைக்க 1,232 பெரிய காந்தங்கள், 8 பிரிவுகளாக. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி மின்வழங்கி. முழு ஆற்றலுக்கான வடிவமைப்பில் ஓடும் மின்னோட்டம் 11,850 ஆம்பியர். எட்டும் ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் சில பங்குக்குள் ஒத்துப்போகாவிட்டால் புரோட்டான் கற்றை பாதை விலகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது இங்கே வெறும் 12 மில்லிஆம்பியர். ஹால் சென்சாரால் அது முடியாது. அதனால் அங்கே இரும்பை இரு திசையிலும் மாறி மாறிக் காந்தமாக்கி, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துப் பூஜ்யத்தைக் கண்டறிகிறார்கள். இந்த உத்தியை 1960-களின் பிற்பகுதியில் அதே ஆய்வகத்தில் துகள் கற்றையை அளக்கக் கொண்டுவந்தவர் க்ளவுஸ் உன்சர்.

கம்பியைத் தாடையால் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் (கிளாம்ப் மீட்டர்) வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. டிசி அளக்கும் முன், கம்பியில்லாமல் தாடையை மூடி ஜீரோ பட்டனை அழுத்துங்கள். ஒரே ஒரு கம்பியை மட்டும், தாடையின் நடுவில் வையுங்கள். போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்தால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். அரை ஆம்பியர் போன்ற சிறு அளவென்றால், கம்பியைத் தாடைக்குள் 10 முறை சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள். பூஜ்யப் பிழையும் பத்தில் ஒன்றாகிவிடும்.

நல்ல கருவி வாங்கினால் மட்டும் துல்லியம் வராது. கருவியால் எதை நன்றாகச் சொல்ல முடியுமோ, அந்தக் கேள்வியை மட்டும் அதனிடம் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

(அடுத்த வாரம்: இரும்பே இல்லாமல் மின்னோட்டத்தை அளக்கும் ரோகோவ்ஸ்கி சுருள்)