உடன் செல்பவரின் கணக்கு

அண்மையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். மணமகன் சிங்கப்பூரில் பொறியாளர். மணமகள் திருச்சியில் வங்கிப் பணியில் இருப்பவர். அடுத்த மாதம் வேலையைத் துறந்துவிட்டுக் கணவருடன் செல்லவிருக்கிறார். "அங்கே போனதும் எனக்கும் ஏதாவது வேலை கிடைத்துவிடும்தானே, அத்தை?" என்று அவர் கேட்டபோது, உடனே விடைசொல்ல எனக்கு நா எழவில்லை. மாப்பிள்ளையின் ஊதியம் எவ்வளவு என்பதை இரு வீட்டாரும் அறிந்திருந்தனர். ஆனால், பெண் எந்த அனுமதியின் பேரில் செல்கிறார் என்பதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

2019 முதல் நான்கு ஆண்டுகள் அந்நகரில் கணவருடன் வாழ்ந்தவள் என்ற முறையில், அக்கேள்விக்கான விடையை இங்கு விரிவாக எழுதுகிறேன்.

உயர்திறன் பணிக்குச் செல்பவருக்குச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 'எம்பிளாய்மென்ட் பாஸ்' என்னும் வேலை அனுமதியை வழங்குகிறது. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டுமாயின், நிலையான மாத ஊதியம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். பெற்றோரை நீண்டகாலம் உடன் வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி தேவை. மனைவிக்குக் கிடைப்பது 'டிபெண்டன்ட் பாஸ்' எனப்படும் சார்ந்திருப்போர் அனுமதி. பெயரே பொருளை உணர்த்திவிடுகிறது. கணவரின் அனுமதி உள்ளவரைதான் மனைவியின் அனுமதியும்.

முன்பு இவ்வனுமதியுடையோர், தம்மை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் வழியாக ஓர் இசைவுக் கடிதம் பெற்றுப் பணியாற்ற முடிந்தது. நானும் அவ்வாறே ஒரு சிறிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்தேன். 2021 மே 1 முதல் அவ்வழி பெரும்பாலோருக்கு அடைபட்டது. இப்போது மனைவியும் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். அதற்குரிய குறைந்தபட்ச ஊதியத்தை நிறுவனம் தர வேண்டும். எட்டு ஆண்டு அனுபவம் இருந்தும், அத்தொகையைத் தர அச்சிறு நிறுவனத்தால் இயலவில்லை. என் கடிதம் காலாவதியானதும் வேலையும் முடிந்தது.

அதன்பின் என் நாள்கள் எவ்வாறு கழிந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குறை கூற முடியாத நகரம் அது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. தேக்கா சந்தையில் முருங்கைக் கீரையும் கிடைக்கும். நூலகத்தில் தமிழ் நூல்களும் கிடைக்கும். நள்ளிரவிலும் ஒரு பெண் அச்சமின்றி நடந்து வரலாம். ஆயினும், மாத இறுதியில் வீட்டுச் செலவுக்குக் கணவரிடம் கணக்குச் சொல்லும் நிலை, பிறர் கணக்கைத் தணிக்கை செய்து பழகிய எனக்கு எளிதாக இருக்கவில்லை. அவர் ஒருநாளும் கடிந்து பேசியவர் அல்லர். இருந்தும், நான் கேட்பவளாகவும் அவர் தருபவராகவும் ஆனோம்.

2023-இல் அவருடைய நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தது. வேலை போனால் அனுமதி நீக்கப்படும். பொதுவாக 30 நாள் தங்குவதற்குக் குறுகியகால அனுமதி தருவார்கள். அதற்குள் புதிய வேலை தேட வேண்டும், அல்லது வீட்டைக் காலிசெய்து புறப்பட வேண்டும். அந்நாளில்தான் மேலும் இரண்டு செய்திகள் எங்களுக்குப் புரிந்தன.

முதலாவது, வரி. அயல்நாட்டு ஊழியர் வேலையிலிருந்து விலகும்போது, வரிக்கணக்கு முடியும்வரை அவருக்குச் சேர வேண்டிய தொகையை நிறுவனம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில் கடைசி ஊதியம் கைக்கு வரவில்லை.

இரண்டாவது, வாடகை ஒப்பந்தம். வேலையிழந்து நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தால், ஓராண்டுக்குப் பின் இரண்டு மாத முன்னறிவிப்புடன் வெளியேறலாம் என்ற பிரிவு அங்கே வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. இரண்டு மாத வாடகையான முன்பணம் முழுவதும் போயிற்று. வீட்டுக்காரர்மீது பிழையில்லை; படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் நாங்கள்தாம்.

இதைச் சிங்கப்பூர் இழைக்கும் அநீதி என்று நான் கருதவில்லை. எந்த நாடும் தன் குடிமக்களின் வேலைவாய்ப்பையே முதலில் காக்கும். இந்தியாவுக்குப் பணிக்கு வரும் அயல்நாட்டவரின் துணைவரும் சார்பு விசாவைக் கொண்டு வேலையில் சேர்ந்துவிட முடியாது. என் வருத்தமெல்லாம், இவ்விதிகளை அறியாமலேயே நம் பெண்கள் விலகல் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான்.

செல்லவிருக்கும் தம்பதியருக்குச் சொல்ல விரும்புவன சில. கூடுமானால் வேலையை விடாமல், ஊதியமில்லா விடுப்பில் சென்று அங்குள்ள நிலையை அறியுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே, தனி அனுமதிக்கு விண்ணப்பிக்க முன்வரும் நிறுவனத்தைத் தேடத் தொடங்குங்கள். அயல்நாட்டு ஊழியருக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. முதுமைக்கான சேமிப்பை முதல் மாதத்திலிருந்தே நீங்களாகத் தொடங்க வேண்டும். அதில் ஒரு பங்கு மனைவியின் பெயரில் இருக்கட்டும். ஆறு மாதச் செலவுக்கான தொகை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தைக் கணவன், மனைவி இருவரும் வரிக்கு வரி படியுங்கள்.

மணமகளிடம் அன்று இவ்வளவையும் சொல்ல இயலவில்லை. "விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டேன். "திங்கள்கிழமை கொடுக்கலாம் என்றிருக்கிறேன்" என்றார். "நீண்ட விடுப்புக்கு விதி இருக்கிறதா என்று முதலில் கேள், அம்மா" என்றேன். அருகில் நின்ற மணமகனும் அதைக் கேட்டுத் தலையசைத்தார். வெளிநாட்டு வாழ்க்கையின் கணக்கை இருவரும் சேர்ந்து போட வேண்டும். அதற்குரிய காலம் புறப்படுவதற்கு முன்புதான்.