உங்களுக்குத் தெரியுமா? கிரீடம் இறங்கிய கடற்படை

▪ கெலிஓயாவில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பேராதனைப் பூங்கா. 1944இல் அட்மிரல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் இங்கேதான் இயங்கியது. கடலே தெரியாத மலைநாட்டில் ஒரு கடற்படைத் தளபதி!

▪ சுதந்திரத்துக்குப் பின், 1950 டிசம்பர் 9இல் நமக்கென்று கடற்படை உருவானது. பெயர் மட்டும் ‘ரோயல் சிலோன் நேவி’. அதன் முதல் போர்க்கப்பல் ‘விஜய’, முன்பு பிரித்தானியக் கடற்படையில் ‘ஃப்ளையிங் ஃபிஷ்’ என்ற பெயரில் ஓடியது.

▪ 1972 மே 22இல் நாடு குடியரசானது. ‘ரோயல்’ போனது, சின்னத்திலிருந்த கிரீடமும் இறங்கியது. கப்பல் பெயருக்கு முன்னால் நின்ற ‘எச்.எம்.சி.வை.எஸ்.’ என்ற அரச முன்னொட்டு ‘எஸ்.எல்.என்.எஸ்.’ ஆனது.

▪ கடற்படைத் தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் உண்டு. காரைநகரில் ‘எலார’, வெலிசறையில் ‘கெமுனு’. போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற மன்னர்கள் எல்லாளனும் துட்டகைமுனுவும் இன்று ஒரே படையில்!

▪ அயலில் இந்தியாவிலும் இதே கதைதான். அதன் கடற்படைக் கொடியில் பிரித்தானியர் கால அடையாளமாக இருந்த புனித ஜோர்ஜ் சிலுவை 2001இல் நீக்கப்பட்டு, 2004இல் திரும்பி வந்து, 2022 செப்டம்பர் 2இல் கொச்சியில் மீண்டும் விடைபெற்றது. அதே ஆண்டு, டில்லி பாசறைத் திரும்பல் விழாவில் ‘அபைட் வித் மீ’ என்ற ஆங்கிலப் பாடலின் இசையும் நிறுத்தப்பட்டது.

▪ நம் கடற்படையில் எல்லாம் மாறிவிடவில்லை. அட்மிரல், கொமடோர், லெப்டினன்ட் என்ற பதவிப் பெயர்கள் அப்படியே உள்ளன. பேராதனைப் பூங்காவின் ஆங்கிலப் பெயரிலும் ‘ரோயல்’ இன்னும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது!