றப் பாட்டை எப்படி எடைபோடுவது?

“கத்துறதுதானே, அதுல விமர்சிக்க என்ன இருக்கு?” புல்மோட்டையில் றப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி இது. ஓர் அல்பத்தை வைத்தே பதில் சொல்லலாம்.

லண்டன் றப் கலைஞர் லோகீயின் இயற்பெயர் கரீம் டெனிஸ். தாய் ஈராக்கியர், தந்தை ஆங்கிலேயர். பெரிய இசைக் கொம்பனிகளை நம்பாமல் 2011இல் ‘சவுண்ட்ட்ராக் டு த ஸ்ட்ரகிள்’ அல்பத்தை வெளியிட்டார்.

முதலில் சொற்கட்டு. றப்பில் மெட்டின் வேலையைச் சந்தம் செய்கிறது. நம்மட பக்கீர்மார் றபான் தட்டிப் பாடும்போது சொல் தாளத்தில் விழுகிறதா என்று கவனிக்கிறோமே, அதே காது இதற்கும் போதும்.

அடுத்தது வாதம். ‘டெரரிஸ்ட்?’ பாட்டு, பயங்கரவாதத்துக்கு அகராதி சொல்லும் பொருளில் தொடங்கி, அதே அளவுகோலை வல்லரசுகளின் போர்களுக்கும் வைக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் அந்தச் சொல் அப்பாவிகள் மேலும் விழுந்ததைக் கண்ட நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

ஆனால் நமக்குப் பிடித்த கருத்து என்பதற்காகப் பாட்டு நல்லதாகிவிடாது. ‘ஒபாமா நேஷன்’ பாட்டில் பிரசங்கம் இசையை முந்துகிறது. தாயின் நாட்டை நினைக்கும் ‘க்ரேடில் ஒஃப் சிவிலைசேஷன்’ பாட்டிலோ மை கலீலின் குரலும் சேர, துயரம் தானாக வந்து சேருகிறது.

நம்மட பொடியன்மாரும் தமிழில் றப் எழுதினால், “கத்துறாங்க” என்று ஒதுக்காமல் இப்படிக் கேட்டுச் சொல்வோம். குறை எது, நிறை எது என்று தெரிந்தால்தான் அடுத்த பாட்டைத் திருத்தமாக எழுதுவார்கள்.