பசியைக் கணக்கெடுத்த மனிதர்

சகோதரிகளே! உலையில் அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்க நாம் பானையையே கவிழ்த்துக் கொட்டுவதில்லை. அகப்பையால் நன்றாகக் கிளறி, நாலு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். கிளறாமல் மேலே கிடப்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். அடுப்படியில் நாம் அன்றாடம் செய்யும் இந்தக் காரியத்தையே வயலுக்கும், பின்னர் உலகத்தின் பசிக்கும் பயன்படுத்தியவர்தான் பாண்டுரங்க வாசுதேவ் சுகாத்மே.

இந்தியாவின் மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்துக் கிராமமொன்றில் 1911இல் பிறந்தார். புனேயில் படித்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1936இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பியவர் விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் புள்ளிவிபரப் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்தில் விளைச்சலைக் கிராம உத்தியோகத்தர்கள் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். கணக்குப் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை 1943இன் வங்காளப் பஞ்சம் காட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள்.

சுகாத்மேயின் வழி வேறு. சீட்டுக் குலுக்குவது போலக் கிராமங்களைத் தெரிவு செய்வது. அவற்றில் சில வயல்கள். ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டு. அதை அறுவடை செய்து, சூடடித்து, உலர்த்தி நிறுப்பது. அந்தத் துண்டு மிகச் சிறிதாக இருந்தால் ஓரத்துப் பயிரும் உள்ளே சேர்ந்து, விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். காகிதத்தில் கூடும் நெல் பானைக்கு வராதல்லவா!

1951இல் ரோம் நகருக்கு அழைக்கப்பட்டார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தில் புள்ளிவிபரப் பிரிவின் தலைமைப் பொறுப்பை 1970 வரை வகித்தார்.

உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பட்டினி என்று அந்நாளில் பெரியவர்களே சொல்லி வந்தார்கள். 1961இல் லண்டனில் வாசித்த ஆய்வில் சுகாத்மே அதை மறுத்தார். வயிறு நிறைய உணவில்லாதோர் நூற்றுக்கு 10 முதல் 15 பேர். சத்துக் குறைந்த உணவு உண்போரையும் சேர்த்தால் பாதிப் பேர் வரை என்றார். பசியைச் சிறிதாக்கிக் காட்டுவதல்ல, உள்ளபடி காட்டுவதே அவர் நோக்கம்.

சராசரியை மட்டும் நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. நம் வீட்டையே பாருங்கள். ஐந்து பேருக்குப் போதுமான சோறு பானையில் இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் தாயின் கோப்பையில் என்ன இருக்கிறது? சராசரி அதைச் சொல்லாது. வயது, உடல், வேலை ஆகியவற்றுக்கேற்பத் தேவையும் மாறும். உணவும் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையிலிருந்து வளர்ந்ததே, உணவு விவசாய ஸ்தாபனம் இன்றும் பட்டினியைக் கணிக்கும் முறை.

ஓய்வுக்குப் பின் புனேக்கே திரும்பினார். 1971இல் இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. குறைந்த உணவுக்கும் உடல் ஓரளவு ஈடுகொடுக்கும் என்று அவர் சொன்னபோது, ஏழையின் பசி கணக்கிலிருந்து நழுவிவிடுமே என்று அறிஞர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த விவாதம் முற்றாக ஓயவில்லை. ஆனால் சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் உண்ட உணவும் உடலில் ஒட்டாது என்று அவர் வற்புறுத்தியதைத் தாய்மார் எவரும் மறுக்கமாட்டார்கள்.

1997இல் அவர் காலமானார்.

இன்றிரவு சோறு பரிமாறும்போது, பானையில் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், சகோதரிகளே. ஒவ்வொரு கோப்பையிலும் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் கோப்பையையும் சேர்த்துத்தான்!