லீவு விட்டாச்சு... சத்துணவு என்ன ஆச்சு?

ஏப்ரல் கடைசியில் ஸ்கூலுக்குப் பூட்டு. ராஜபாளையத்தில் மில் ஷிப்டுக்குப் போகும் அம்மாவுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் அன்றே ஒரு கவலை: பிள்ளைக்கு மதியச் சாப்பாடு?

பள்ளி நாளில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை காலை உணவு, மதியம் முட்டையோடு சத்துணவு. லீவில் இரண்டுமே இல்லை.

ஏன் இல்லை?

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு, உதவி பெறும் பள்ளிகளில் 8-ம் வகுப்பு வரை இலவச மதிய உணவை உரிமை ஆக்கியது. ஆனால், பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக!

லீவில் கொடுத்ததே இல்லையா?

உண்டு. வறட்சிப் பகுதிகளில் கோடை லீவிலும் மதிய உணவு தர 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 கொரோனா காலத்தில் தமிழக அரசு மாணவர்களுக்கு அரிசி, பருப்பு கொடுத்தது. அமெரிக்காவில் 2024 முதல், திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடைக்கு 120 டாலர், உணவுப் பொருள் வாங்க மட்டும்.

இப்போ என்ன செய்யலாம்?

ரேஷன்தான் கைவசம் உள்ள வழி. முன்னுரிமை அட்டைக்குச் சட்டப்படி தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி. அதனால் பிள்ளை பெயர் அட்டையில் இருக்கான்னு பாருங்க. விடுபட்டிருந்தால் டி.என்.பி.டி.எஸ். இணையதளத்தில் சேர்க்கலாம். சந்தேகத்துக்கு 1967.

ரேஷனில் அரிசி வரும். முட்டை வராது, பகலில் சமைத்துப் போட ஆளும் வராது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் கொடுக்க மாநில அரசுக்குத் தடை இல்லை. காமராஜர் பிறந்த மாவட்டம் இதைக் கேட்கலாமே!